சனிக்கிழமை மண்டபத்தை நான் ஏன் கொடுத்தேன்

மயூரன்,

நீ நலமாக இருக்கிறாய் என்று தெரியும், ஆரணி அடிக்கடி எழுதுகிறாள். அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை தொலைபேசியில், உங்கள் கல்யாணத்துக்கு முதல் நான் ஆரணியின் அப்பாவிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாய். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். "மோர், ஸ்டொப் நு", அம்மா, இனி நிறுத்து, என்று டேனிஷில் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாய். நீ சின்னவனாக இருந்தபோது என்னை 'மோர்' என்று கூப்பிட்டால், "அது தயிரைக் கடைஞ்சா வாறதெல்லோ" என்று உன் அப்பா சிரிப்பார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொலைபேசியில் ஒருவரின் வாயை மூடலாம். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் ஆரணியை வாசித்துக் காட்டச் சொல். அவளுக்குத் தெரியாதது இதில் அதிகம் இல்லை.

நீ கேள்விப்பட்ட கதை இதுதான்: ஹோர்சன்ஸ் பண்பாட்டு நிலையத்தின் பெரிய மண்டபத்தில் எத்தனையோ வருடமாகச் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடந்தது. உக்ரைன்காரர்கள் அந்த நாளைக் கேட்டார்கள். உன் அம்மா கையை உயர்த்தி அதை அவர்களுக்குக் கொடுத்துவிட்டாள், தமிழ் வகுப்பு ஞாயிறு பின்னேரத்துக்குத் தள்ளப்பட்டது. இதில் ஒரு பொய்யும் இல்லை. கையை உயர்த்தினேன். நாளைக்குக் கேட்டாலும் உயர்த்துவேன். ஏன் என்பதை மட்டும் உனக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த வகுப்பை நடத்துகிற தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் உன் அப்பாவும் ஒருவர். இறைச்சித் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் குளிரில் நின்றுவிட்டு வந்து, கை விறைத்திருக்க, வகுப்புக்கு மேசை அடுக்குவார். ஊரில் போர் முடிவுக்கு வந்துகொண்டிருந்த மாதங்களில் சங்கத்துக்காரர் பிள்ளைகளைக் கோபன்ஹேகனுக்குக் கூட்டிப்போய், நகர மண்டபச் சதுக்கத்தில் பனிக்குள் நிறுத்தினார்கள். நீயும் போனாய். இறந்துபோன ஒரு குழந்தையின் பெரிய படத்தை உன் கையில் கொடுத்திருந்தார்கள். திரும்பி வந்த பிறகு நீ சாப்பிடவில்லை, என் சீலையைப் பிடித்தபடியே படுத்தாய். அடுத்த பொதுக்கூட்டத்தில் உன் அப்பா எழும்பி, "ஊர்வலத்துக்கு நாங்கள் போவம், நானே முன்னுக்கு நிக்கிறன். பிள்ளையளின்ர கையில மட்டும் பிணத்தின்ர படத்தைக் குடுக்காதேங்கோ" என்றார். அவ்வளவுதான். பின்னாலிருந்து யாரோ கூச்சல் போட்டார்கள். தலைவராக இருந்த சிவஞானம் அந்தக் கூச்சலை அடக்கியிருக்கலாம். அவர் ஒலிவாங்கியை எடுத்து, "நடேசன் மாதிரித் துரோகியளுக்கு இந்தச் சங்கத்தில இடமில்லை" என்றார். மண்டபம் கைதட்டியது. உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் உன் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் கொஞ்சம் உனக்கு ஞாபகம் இருக்கலாம். கலைவிழா நாடகத்தில் நீ வேடனாக நடிக்க இருந்தாய். வில்லைக்கூட அப்பா செய்து முடித்துவிட்டார். ஒரு சனிக்கிழமை நீ வகுப்புக்குப் போனபோது உன் வேடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்திருந்தார்கள். சங்கத்துக்காரர் கடையில் எங்களைக் கண்டால் மரக்கறிப் பக்கம் திரும்புவார்கள். வைலேயிலிருந்து வந்துபோன சொந்தக்காரர்கூட வாசலோடு நின்று கதைத்தார்கள். அடுத்த மாரிக் குளிரில் உன் அப்பா வேலைத்தலத்தில் விழுந்து இறந்தார். இதயம் என்றார்கள். வைத்தியருக்குத் தெரிந்தது அது, எனக்குத் தெரிந்தது வேறு. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு எங்கள் வீடு போதாது என்று சங்கம் பாவிக்கிற அந்த மண்டபத்தைக் கேட்டேன். சிவஞானம் நேரில் பேசவில்லை. "அண்டைக்கு வேற நிகழ்வு இருக்காம்" என்று ஆள் விட்டுச் சொன்னார். அந்த நாள் மத்தியானம் சமையலுக்கு உப்பு வாங்கப் போனபோது மண்டபத்து வழியால் போனேன். கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். கதிரைகள் சுவரோரம் அடுக்கியபடியே இருந்தன. உள்ளே ஒரு மனிதர் இல்லை. அந்தக் கண்ணாடியில் என் மூச்சு படிந்து படிந்து மறைந்ததை இன்றைக்கும் பார்க்கிறேன். அன்றைக்கு எனக்குள் ஒன்று இறுகியது. அது இளக வேண்டும் என்று நான் ஒருநாளும் கும்பிட்டதில்லை.

இனி உக்ரைன்காரர்கள். ஹலினாவை நீ ஒருதரம் வீட்டில் கண்டிருக்கிறாய், உயரமானவள், சிவப்புக் கண்ணாடி போட்டவள். அவளுடைய ஊரில் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்தவள். இங்கே என்னோடு முதியோர் இல்லத்தில் கட்டில் விரிக்கிறாள். எங்கள் இரண்டு பேரின் டேனிஷையும் சேர்த்தாலும் ஒரு முழு டேனிஷ் வராது, ஆனாலும் நாள் முழுக்கக் கதைப்போம். இல்லத்தில் கழித்துவிடுகிற பழைய படுக்கை விரிப்புகளை அவள் கேட்டு வாங்கிப் போவதைப் பார்த்து எதற்கு என்று கேட்டேன். "வந்து பார்" என்றாள்.

அவர்களுடைய சங்கம் அப்போது ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இருந்தது. ஒரு பக்கம் பெண்கள் அந்த விரிப்புகளைப் பச்சையும் மண்ணிறமுமாகச் சாயம் போட்டுக் கீலம் கீலமாகக் கிழித்து வலையில் முடிந்தார்கள். போர்முனையில் வாகனங்களை மூடி மறைக்கிற வலை. மறு பக்கம் சின்னப் பிள்ளைகள் தங்கள் மொழியை எழுதிப் பழகினார்கள். இடையில் ஒரு மேசையில், கொம்யூன் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை ஒருத்தி மற்றவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். இருக்க விடுவார்களா, எவ்வளவு காலத்துக்கு, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது, திரும்பிப் போக வீடு இருக்கிறதா. சமையலறையில் உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை அவிந்துகொண்டிருந்தது, நடைபாதைத் தெருவில் விற்று மருந்துப் பொருள் அனுப்ப. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, எல்லாம் விளங்கியது. நானும் உட்கார்ந்து முடிச்சுப் போட்டேன். பிறகு சனிக்கிழமைகளில் வேலை இல்லாவிட்டால் அங்கேதான் இருந்தேன். நீ தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் "வெளியில நிக்கிறன்" என்று சொன்னது அந்த நிலவறையில் இருந்துதான்.

ஒருநாள் காலை ஹலினா வேலைக்கு வந்து, தலையணைக்கு உறை போடத் தொடங்கியவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய மகனுக்கு உன்னைவிடக் கொஞ்சம் வயது குறைவு. சில்க்போர்க்கில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். சங்கத்தில் ஒரு ஆள் எல்லோருக்கும் முன்னால் கேட்டானாம், "உன் மகன் இங்கே ஒளிந்திருக்கிறான், நீ எங்கள் பிள்ளைகளுக்கு நாட்டைப் பற்றிப் படிப்பிக்கிறாயா" என்று. வீட்டில் அவள் ரஷ்ய மொழி பேசுகிறாள் என்றும் சொன்னானாம். அந்த ஆளின் தம்பி போரில் இறந்தவன் என்றும் சொன்னாள். அவன் மேல் கோபப்படக்கூட அவளால் முடியவில்லை. "இனி நான் அங்கே போகவில்லை" என்றாள்.

மயூரன், நான் கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தேன். உன் அப்பாவும் இதே சொல்லைத்தான் சொன்னார், "இனி நான் அங்க போகேல்லை." அன்றைக்கு நான் சரி என்றேன். ஹலினாவிடம் சரி என்று சொல்லவில்லை. "அடுத்த கூட்டம் எப்போது? நானும் வருகிறேன். முன் வரிசையில் இருப்போம்" என்றேன். அவள் என்னை விசரி என்று நினைத்திருப்பாள். ஆனாலும் போனோம். நெற்றியில் பொட்டோடு, அவர்களின் பாஷையில் வணக்கம் மட்டும் தெரிந்த ஒரு மனுசி முன் வரிசையில் இருந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்தானே. பார்த்தார்கள். அந்த ஆள் எழும்பி மறுபடி தொடங்கினான். அவர்களின் தலைவி ஒலேனா, பல் வைத்தியர், மெலிந்த பெண். அவள் மேசையில் கையை வைத்து ஒரு வசனம் சொன்னாள். சத்தம் போடவில்லை. அந்த ஆள் உட்கார்ந்தான். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது. என்ன சொன்னாள் என்று ஹலினாவிடம் கேட்டேன். "இந்த அறையில் யாருடைய மகன் எங்கே என்று ஒருவரும் கேட்கக் கூடாது." அவ்வளவுதானாம்.

நான் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். ஹலினாவுக்காக அழுததாக அவள் நினைத்தாள். எனக்கு வந்தது ஆத்திரம். ஒரே ஒரு வசனம்! அவ்வளவு லேசான வேலை! அதை ஒருத்தர் சொல்லியிருந்தால் உன் அப்பா தலை நிமிர்ந்து நடந்து போயிருப்பார். சொல்ல வேண்டிய ஆளின் கையில்தான் ஒலிவாங்கி இருந்தது. அது வரைக்கும் சிவஞானத்தின் மேல் எனக்கு இருந்தது வெறுப்பு. அன்றைக்குத்தான் அது கணக்குத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணமாக மாறியது.

காலமும் எனக்குக் கை கொடுத்தது. தேவாலயத்தின் நிலவறையில் தண்ணீர் ஊறி, உக்ரைன்காரர்கள் வெளியேற வேண்டி வந்தது. பண்பாட்டு நிலையத்தைக் கேட்டார்கள். பிள்ளைகள் நிறைய, சனிக்கிழமை காலை தவிர வேறு நாள் ஒத்துவராது. தமிழ் வகுப்பிலோ ஒரு மேசையைச் சுற்றி இருக்கத்தான் பிள்ளைகள் மிச்சம். மண்டபத்தைப் பாதி பாதியாகப் பாவிப்போம் என்று ஒலேனா முதலில் சிவஞானத்திடம்தான் போனாள். "இது எங்கட மண்டபம்" என்று அனுப்பிவிட்டார். அதனால் விஷயம் நிலையத்தைப் பாவிக்கிற சங்கங்களின் குழுவுக்கு வந்தது. அந்தக் குழுவில், அதே நிலையத்தில் கூடுகிற எங்கள் தையல் வட்டத்தின் சார்பில் இருப்பது யார் என்று சிவஞானம் விசாரித்திருக்கிறார். நான்.

உன் அப்பா இறந்த பிறகு முதல் தடவையாக அவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு பை தோடம்பழம். உள்ளே கூப்பிட்டு, உன் அப்பாவின் படத்துக்கு நேரே உட்கார வைத்தேன். அந்தக் கதிரையை வேண்டுமென்றே அப்படி இழுத்துப் போட்டேன். தேத்தண்ணி கொடுத்தேன்.

"தங்கச்சி, எங்கட பிள்ளையளின்ர வகுப்பு. நீங்கள்தான் பாத்துச் செய்யோணும்" என்றார். "பழசெல்லாம் மறப்பம்."

"என்ன பழசு, அண்ணை?"

"அதுதான்... அந்த நேரத்துக் கதையள்."

"எந்தக் கதை? சொன்னால்தானே மறக்கலாம்."

அவர் தேத்தண்ணியைக் குடித்தார். படத்தைப் பார்க்கவில்லை. "காலம் அப்பிடி, தங்கச்சி" என்றார்.

"ஓம், காலம்தான். கூட்டத்தில பாப்பம் அண்ணை" என்றேன், சிரித்தபடி. என் வாக்கு தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினார். நினைக்கட்டும் என்றுதான் சிரித்தேன். அன்றைக்கு அவர் 'நான் சொன்னது பிழை' என்று சொல்லியிருந்தால் என் கை வேறு பக்கம் போயிருக்குமா என்று நீ கேட்பாய். உனக்குப் பொய் எழுத மாட்டேன். போயிருக்காது.

கூட்டத்தில் அவர் என் எதிரே இருந்தார். வாக்குகள் சரி பாதியாக நின்றன, கடைசிக் கை என்னுடையது. உக்ரைன்காரருக்கு ஆதரவானவர்களைக் கை உயர்த்தச் சொன்னபோது நான் அவசரப்படவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக உயர்த்தினேன். வெளியே வந்ததும், "நீங்களும் ஒரு தமிழ் மனுசியா?" என்றார். "இடமில்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவர் தந்த தோடம்பழத்தை உரித்துச் சாப்பிட்டேன். நல்ல இனிப்பு.

அதற்குப் பிறகுதான் நீ ஆரணியைப் பற்றிச் சொன்னாய். ஓகூஸில் படிக்கும்போதே தெரியும் என்றாய். சிவஞானத்தின் மகள் என்று சொல்ல ஏன் இவ்வளவு காலம் எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. கடவுளுக்குப் பகிடி கூடிப்போச்சு என்று மட்டும் நினைத்தேன். நீ அதிலிருந்து சமாதானத் தூதுவனாக மாறினாய். அவள் அப்படி இல்லை. உனக்குச் சொல்லாமல் தனியாகக் கோபன்ஹேகனிலிருந்து ரயில் ஏறி வந்து, என் சமையலறையில் உட்கார்ந்து கேட்டாள்: "அன்ரி, அப்பா என்ன செய்தவர்? வீட்டில கேட்டா ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை."

சொன்னேன். குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. வில், வெறும் மண்டபம், எல்லாம். அவள் குறுக்கே பேசவில்லை. 'ஸ்டொப்' என்றும் சொல்லவில்லை. கடைசியில் டேனிஷில் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தி, தமிழில் தேடித் தேடிக் கேட்டாள்: "இப்ப அப்பா என்ன செய்தா உங்களுக்குப் போதும்?"

"எங்க சொன்னவரோ அங்க நிண்டு, அதே ஒலிவாங்கியில சொல்லட்டும். எனக்கு வீட்டுக்கு வந்து சொல்லவேண்டாம்."

"ஓகே" என்றாள். உனக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன், மயூரன். அவளுக்கு யாராவது அநியாயம் செய்து, அவள் உன் முன்னால் வந்து நின்றால் "மறந்துவிடு" என்று சொல்லாதே. மறக்கச் சொல்வது லேசு, பக்கத்தில் போய் இருப்பதுதான் வேலை. அந்த வேலை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீ அவளிடம் பழகிக்கொள்.

போன ஞாயிறு தமிழ்ச் சங்கத்தின் பொதுக்கூட்டம். இதை நீ மற்றவர்களின் வாயால் கேட்க முதல் நானே எழுதுகிறேன். ஹலினாவும் என்னோடு வந்தாள், நான் கூப்பிடவில்லை. முன் வரிசையில் இருந்தோம். சிவஞானம் தலைவர் பதவியிலிருந்து விலகுகிற பேச்சு. வளர்ச்சி, சேவை, நன்றி என்று போய்க்கொண்டிருந்தது. ஆரணி சுவரோரம் நின்று தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் அவளை ஒருதரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமி, "இந்தச் சங்கத்தைத் தொடக்கின ஒருவரைப் பற்றி, ஒரு காலத்தில, சில பிழையான வார்த்தையள் சொல்லப்பட்டது" என்றார்.

நான் எழும்பினேன். "ஆரைப் பற்றி?"

"நடேசனைப் பற்றி."

"ஆர் சொன்னது?"

அவருடைய கை ஒலிவாங்கியில் நழுவியது. "நான் சொன்னனான்."

"என்ன சொன்னனீங்கள்?"

"துரோகி எண்டு சொன்னனான். அது பிழை. அவர் சொன்னதுதான் சரி. பிள்ளையளின்ர கையில அதைக் குடுத்திருக்கக் கூடாது."

யாரோ "போதும் அக்கா, இருங்கோ" என்றார்கள். எனக்குப் போதவில்லை. "பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்கேல்லை" என்றேன். "திருப்பிச் சொல்லுங்கோ." பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்டிருந்தது. அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். வயதான மனிதர், காது சிவந்துபோய் நின்றார். திருப்பிச் சொன்னார், முதலில் இருந்து, பெயரோடு. நான் உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஒருவரும் கைதட்டவில்லை.

வெளியே வந்ததும் ஹலினா கேட்டாள், "இப்போது முடிந்ததா?" எல்லோரும் சொல்கிற மாதிரி நெஞ்சு இலேசாகும் என்று நானும் காத்திருந்தேன். ஆகவில்லை. நல்ல பசி மட்டும் எடுத்தது. "இல்லை" என்றேன். அவள் தலையாட்டினாள். தன்னை அவமானப்படுத்திய அந்த ஆளோடு அவள் இப்போது ஒரே மேசையில் வலை கட்டுகிறாள். அது அவளுடைய மனம். என்னுடையது அப்படிச் செய்யப்படவில்லை.

ஆகவே நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஆனால் கல்யாணத்துக்கு உனக்கு ஒரு குறையும் வராது. ஆரணிக்குக் கூறைச் சீலையை நான்தான் எடுப்பேன், அந்தப் பிள்ளையை என் வீட்டுக்குள் நான்தான் கைபிடித்துக் கூட்டி வருவேன். சம்பந்தியை வாசலில் நின்று வரவேற்பேன், பன்னீர் தெளிப்பேன், பந்தியில் இரண்டாம் தரம் சோறு போடச் சொல்வேன். என் முகத்தில் ஒருவரும் ஒன்றும் வாசிக்க முடியாது. நீ பயப்படாதே.

பிறகு உங்களுக்குப் பிள்ளைகள் பிறப்பார்கள். அவரை அவர்கள் தாத்தா என்று கூப்பிடுவார்கள், அவர் மடியில் இருப்பார்கள், நான் தடுக்க மாட்டேன். அவர்கள் கொஞ்சம் வளர்ந்து, படத்தில் இருக்கிற மற்றத் தாத்தா எப்படி இறந்தார் என்று என்னிடம் கேட்கிற நாள் வரும். அன்றைக்கு நீ பக்கத்தில் இருந்தாலும் என்னை நிறுத்தாதே. எல்லாவற்றையும் சொல்வேன். சிவஞானம் எழும்பி நின்று பிழை என்று சொன்னதையும் சொல்வேன், அதை மறைப்பது நியாயமில்லை. இரண்டு தரம் சொல்ல வைத்தது நான் என்பதையும் சொல்வேன்.

அம்மா